கை நடுங்குவது தெரிகிறது, கணக்குத் தவறுவது தெரிவதில்லை

பார்க்கின்சன் நோய் என்றதும் பலருக்கும் மனதில் வருவது ஒரே படம்தான். நடுங்கும் கை. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் முகமது அலி தீபத்தை ஏந்திக்கொண்டு நின்றபோது, அவருடைய மற்றொரு கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவருக்கு அந்த நோய் இருப்பது 1984-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் உலகத்தில் பாதிப்பேருக்கு இந்த நோயின் பெயரே அந்த ஒரு காட்சியால்தான் அறிமுகம் ஆனது என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொரு பிரபலம் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ். 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தின் கதாநாயகன். அவருக்கு நோய் தெரியவந்தது 1991-ல், வெறும் 29 வயதில். 1998 வரை வெளியே சொல்லாமல் சமாளித்தார். சொன்ன பிறகும் இருபது வருடங்களுக்கு மேல் நடித்தார். கை ஆடியது, உடம்பு நெளிந்தது. அந்த அசைவுகளையே பாத்திரத்தின் குணமாக மாற்றிக்கொண்டு கேமரா முன்னால் நின்றார். அப்படிப்பட்டவர் 2020-ல் எழுதிய புத்தகத்தில் நடிப்பிலிருந்து ஓய்வு பெறுவதாகச் சொன்னபோது கொடுத்த காரணங்களில் ஒன்று நடுக்கம் இல்லை. வசனம் மனதில் நிற்க மறுக்கிறது என்பதுதான்!

நடுக்கத்தோடு இருபது வருடம் வேலை பார்க்க முடிந்தவருக்கு, நினைவு வழுக்க ஆரம்பித்ததும் வேலை பார்க்க முடியவில்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போனால் முதலில் பார்க்கப்படுவது கைதான். கையை நீட்டச் சொல்வார்கள், விரல்களைத் தட்டச் சொல்வார்கள், நடந்து காட்டச் சொல்வார்கள். "வீட்டுக் கணக்கு யார் பார்க்கிறார்கள்? போன வருடம் யார் பார்த்தார்கள்?" என்று கேட்பது அபூர்வம்.

இந்தப் பார்வைக்கு ஒரு பழைய பூர்வீகம் உண்டு. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மொத்தம் ஆறே ஆறு பேரைப் பற்றிய குறிப்புகளை வைத்து எழுதப்பட்டது அது. நடுக்கம், கூன், ஓட்டமும் நடையுமாகப் போகும் நடை எல்லாவற்றையும் அற்புதமாகக் கவனித்து எழுதியவர், புலன்களுக்கும் புத்திக்கும் இதில் பாதிப்பு இல்லை என்றும் எழுதிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆறு பேரில் பாதிப்பேரை அவர் தெருவில் போகும்போது பார்த்ததுதான். தெருவில் நடந்து போகிறவரின் நடையை எடைபோடலாம். அவர் வீட்டில் மாதச் செலவை எழுதி வைக்க முடியாமல் திணறுவதை எப்படிப் பார்க்க முடியும்? பிறகு பிரான்சில் ஷார்கோ என்ற மருத்துவர், இந்த நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியவர், காலப்போக்கில் மனத்திறனும் பாதிக்கப்படுகிறது என்று திருத்திச் சொன்னார். இருந்தும் முதலில் சொன்னதுதான் ஊரில் நின்றது. 200 வருடம் ஆகியும் முழுசாகப் போகவில்லை.

சரி, புத்தி பாதிக்கப்படுகிறது என்றால் எப்படி? இங்கேதான் பெரும்பாலானோர் குழம்புகிறார்கள். அல்சைமர் நோய் பற்றி சினிமாவிலும் பத்திரிகையிலும் வந்த அளவுக்கு இது வரவில்லை. பெற்ற பிள்ளையின் முகம் மறந்துபோவது, காலையில் சாப்பிட்டதையே மறந்து மறுபடி கேட்பது, அதெல்லாம் அங்கே. பார்க்கின்சனில் ஆரம்பத்தில் அப்படி நடப்பது குறைவு. இங்கே முதலில் அடிபடுவது திட்டம் போடுவது, ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மனதை மாற்றுவது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை வைத்துக்கொள்வது, வேகமாக யோசிப்பது. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதுதான் இந்த நோய். அந்த டோபமைன் கை கால் அசைவுக்கு மட்டும் போவதில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியோடு, அதாவது நிர்வாக அலுவலகம் மாதிரி இயங்கும் பகுதியோடு, இணைந்த பாதைகளுக்கும் அதுதான் எரிபொருள். நோய் முற்றும்போது அசெட்டைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனமும் குறைகிறது. அப்போது நிலைமை இன்னும் மோசமாகும்.

ஓர் உதாரணத்துக்கு, ஓய்வு பெற்ற ஒரு பேங்க் கேஷியரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முப்பது வருடம் நோட்டு எண்ணியவர். கூட்டல் கழித்தல் இன்றைக்கும் தப்பாது. ஆனால் கரண்ட் பில், பால் கணக்கு, மாத்திரை வாங்கிய பில், எல்.ஐ.சி. பிரீமியம் நான்கையும் முன்னால் வைத்து "இந்த மாதம் எதை முதலில் கட்டலாம்" என்று கேட்டால் அப்படியே உட்கார்ந்துவிடுவார். பில்லைக் கையில் எடுப்பார், வைப்பார். அரைமணி நேரம் போகும். மனைவி வந்து "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொள்வார். அடுத்த மாதம் அந்த பில்கள் அவரிடம் வரவே வராது. அவரும் கேட்கமாட்டார். ஏனென்றால் தானாக ஒன்றை ஆரம்பிக்கும் ஆர்வமே குறைவதும் இந்த நோயின் ஒரு பகுதி. வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம், அல்லது "ரிட்டயர் ஆயிட்டார்ல, இனிமே என்ன?"

இன்னொன்று, பேசிக்கொண்டே நடப்பது. மற்றவர்களுக்கு நடை என்பது யோசிக்காமல் நடப்பது. பார்க்கின்சன் உள்ளவருக்கு ஒவ்வொரு அடியும் கவனம் கேட்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் வருபவர் "பொண்ணு போன் பண்ணினாளா?" என்று கேட்டால், பதில் யோசிக்கிற அந்த நொடியில் கால் தடுமாறும். அதாவது கீழே விழுவதுகூட சில சமயம் கால் பிரச்சினை மட்டும் இல்லை, கவனப் பிரச்சினை. உடம்பு வேறு, புத்தி வேறு என்று இரண்டு டிபார்ட்மென்ட்டாகப் பிரித்து வைத்தியம் பார்ப்பது இந்த நோயில் சரிப்படாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? நோய் கண்டுபிடிக்கும் கட்டத்திலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்காவது லேசான அறிதிறன் குறைபாடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 136 நோயாளிகளை ஆரம்பத்திலிருந்து தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு மிகவும் பிரபலம். 20 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்களைப் பரிசோதித்ததில் 83 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. 2008-ல் வெளியான இந்த எண்ணை வைத்துப் பலர் பயமுறுத்துவது உண்டு. ஆனால் 2024-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரு நோயாளிக் குழுவில் 10 வருடத்தில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு 10 சதவீதத்துக்கும் கீழே என்றும், இன்னொரு குழுவில் 27 சதவீதம் என்றும் சொல்கிறது. ஆக, நோய் வந்தவுடனே எல்லாம் போய்விட்டது என்று உட்காரவும் தேவையில்லை, ஒன்றும் ஆகாது என்று மிதப்பில் இருக்கவும் தேவையில்லை. இடையில் பல வருடங்கள் இருக்கின்றன. அந்த வருடங்களில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் கடை விரிக்கக் காத்திருப்பவர்கள் நிறைய. "மூளைக்கு ஜிம்", "தினம் 15 நிமிடம், ஞாபக சக்தி பெருகும்" என்று கம்ப்யூட்டரிலும் போனிலும் வரும் விளையாட்டுகள். திரையில் வரும் படங்களை ஞாபகம் வைத்து அழுத்த வேண்டும், எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், மார்க் ஏறும், லெவல் ஏறும். லுமாசிட்டி என்ற பெயரில் இப்படி விளையாட்டுகளை விற்ற அமெரிக்க நிறுவனம், ஞாபக மறதியையும் டிமென்ஷியாவையும் தள்ளிப்போடும் என்கிற மாதிரி விளம்பரம் செய்ததற்காக, அந்த நாட்டு வணிக ஆணையத்திடம் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. ஆதாரம் இல்லாமல் வயதானவர்களின் பயத்தை வியாபாரம் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. (மார்க்கெட்டிங் பாடத்தில் விளம்பர நெறிமுறை பற்றி அசைன்மென்ட் எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்!)

விளம்பரத்தை விட்டுவிட்டு, நியாயமான ஆராய்ச்சியைப் பார்த்தாலும் படம் கலங்கலாகத்தான் இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தரப்பட்ட அறிதிறன் பயிற்சிகளைப் பற்றிய ஏழு சோதனைகளை, 272 பேரை, ஒன்றாகச் சேர்த்து 2015-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சிறிய அளவில் பலன் இருக்கிறது, குறிப்பாக வேகத்திலும் திட்டமிடலிலும், என்றது. 2020-ல் காக்ரேன் அமைப்பு, ஏற்கெனவே டிமென்ஷியாவோ லேசான குறைபாடோ வந்துவிட்டவர்களை மட்டும் எடுத்து, ஏழு சோதனைகள், 225 பேர் என்று பரிசீலித்தது. ஒட்டுமொத்த அறிதிறனில் உறுதியாகச் சொல்லும்படி முன்னேற்றம் எதுவும் இல்லை, ஆதாரத்தின் தரமும் குறைவு என்று முடித்தது. இரண்டும் முரண் மாதிரி தெரியும். ஆள்கள் வேறு, கட்டம் வேறு. அதைவிட முக்கியமான விஷயம், இரண்டிலும் பெரும்பாலும் அளக்கப்பட்டது பரீட்சை மார்க். எண்களைத் தலைகீழாகச் சொல்வதில் தேறியவர் கரண்ட் பில்லைக் கட்டினாரா என்பது அந்த மார்க்கில் இல்லை.

இங்கேதான் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. 'அறிதிறன் பயிற்சி' வேறு, 'அறிதிறன் மறுவாழ்வு' வேறு. பயிற்சி என்பது தசையை வளர்ப்பது மாதிரி, ஞாபகம், கவனம் போன்ற திறமையைத் தனியாக எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது. அந்தத் திறமை பிறகு வாழ்க்கைக்குள் தானாகப் பரவும் என்ற நம்பிக்கையில் செய்வது. மறுவாழ்வு என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது. முதல் நாள் சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து கேட்பார்: "தினசரி வாழ்க்கையில் உங்களால் முன்பு செய்ய முடிந்து, இப்போது சிரமமாக இருக்கும் எதை மறுபடி செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" பதில் சொல்ல வேண்டியவர் நோயாளி. மகன் இல்லை, மருத்துவர் இல்லை. அவர் சொல்லும் அந்த ஒரு வேலைதான் இலக்கு. மாத்திரையை யாரும் ஞாபகப்படுத்தாமல் வேளைக்குச் சாப்பிடுவதாக இருக்கலாம், போனில் பேத்தியை அழைப்பதாக இருக்கலாம், சங்கக் கூட்டத்தில் வருபவர்களின் பெயர் சொல்லி வணக்கம் வைப்பதாக இருக்கலாம். இப்போது எவ்வளவு முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் அவரே மார்க் போடுவார். கடைசியிலும் அவரேதான் போடுவார்.

இந்த முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டனைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் லிண்டா கிளேர். அவரும் ஜான் ஹிண்டில் என்ற மருத்துவரும் சேர்ந்த குழு வடக்கு வேல்ஸில் நடத்திய சோதனை 2018-ல் வெளியானது. பார்க்கின்சனோடு தொடர்புடைய டிமென்ஷியா உள்ள 29 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மறுவாழ்வு சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு உடம்பையும் மனதையும் தளர்த்தும் ரிலாக்சேஷன் பயிற்சி (சும்மா ஒருவர் வந்து அன்பாகப் பேசினாலே ஆள் தேறிவிடுவாரோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க). மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். 2 மாதம் கழித்தும் 6 மாதம் கழித்தும் பார்த்தபோது, தாங்கள் வைத்துக்கொண்ட இலக்கை எட்டுவதில் மறுவாழ்வுப் பிரிவினர்தான் முன்னால் இருந்தார்கள். 29 பேர் என்பது ஒரு கல்லூரி வகுப்பில் பாதிகூட இல்லை என்பது உண்மைதான். இது முன்னோட்டச் சோதனை என்று அவர்களே சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது, இவர்கள் எல்லோரும் டிமென்ஷியா வந்துவிட்டவர்கள். "இனிமேல் இவருக்கு என்ன சொல்லிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது" என்று குடும்பமே கைவிடும் கட்டத்தில் இருப்பவர்கள்.

எப்படி முடிகிறது? மந்திரம் ஒன்றும் இல்லை. பார்க்கின்சனில் ஞாபகம் பெரும்பாலும் அழிந்துபோவதில்லை, எடுப்பதுதான் கஷ்டமாகிறது. பீரோவில் பத்திரம் இருக்கிறது, சாவிக்கொத்தில் எந்தச் சாவி என்று தெரியவில்லை, அந்த மாதிரி. ஒரு சின்னக் குறிப்புக் கொடுத்தால் பதில் வந்துவிடும். ஆகவே குறிப்புகளை வீட்டில் சரியான இடத்தில் வைப்பதுதான் பாதி சிகிச்சை. மாத்திரை டப்பா டைனிங் டேபிளில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில். ஒரு பெரிய வேலையை ஐந்து சின்ன வேலையாக உடைத்து, வரிசையாக ஒரு அட்டையில். "டி.வி.யில் காலைச் செய்தி முடிந்ததும் மாத்திரை" என்று ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டு வைப்பது. தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொள்ள விடாமல், ஆரம்பத்திலிருந்தே சரியாகச் செய்யவைத்து, உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது.

இதெல்லாம் எந்தப் பாட்டிக்கும் தெரிந்த வித்தைதானே என்று தோன்றும். முழுக்க அப்படியில்லை. பாட்டி சொல்லும் இன்னொரு வித்தை "செஞ்சு செஞ்சு பழகினா தானா வந்துரும்" என்பது. அது இந்த நோயில் சரியாக வேலை செய்யாது! 1996-ல் 'சயின்ஸ்' இதழில் நோல்டன், மேங்கல்ஸ், ஸ்குவயர் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு விசித்திரத்தைக் காட்டினார்கள். சீட்டுகளைப் பார்த்து மழையா வெயிலா என்று ஊகிக்கும் ஒரு விளையாட்டு. திரும்பத் திரும்ப ஆடினால், ஏன் என்று சொல்லத் தெரியாமலேயே ஊகம் சரியாக வர ஆரம்பிக்கும். ஞாபக மறதி நோயாளிகள் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் ஆடியதே அவர்களுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பார்க்கின்சன் நோயாளிகள் நேர்மாறு. ஆடியது நன்றாக ஞாபகம் இருந்தது, பழக்கம் மட்டும் ஒட்டவில்லை. வெறுமனே பழக்கத்தை நம்பாமல், தெளிவான விதியும் கண்ணுக்குத் தெரியும் குறிப்பும் வேண்டும் என்பது இதிலிருந்து புரியும். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுபோகும் பார்க்கின்சன் நோயாளிக்கு, தரையில் குறுக்காக வெள்ளைக் கோடு போட்டால் அதைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகிறார் என்பது பிசியோதெரபிஸ்டுகளுக்குப் பல காலமாகத் தெரியும். உள்ளே இருந்து வரவேண்டிய உத்தரவு வராதபோது வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். மாத்திரை அட்டையும் அந்த வெள்ளைக் கோடுதான், காலுக்குப் பதில் யோசனைக்கு.

பேசிக்கொண்டே நடப்பதைக்கூடப் பயிற்சியால் தேற்ற முடியும். பெல்ஜியத்தின் லூவென், நெதர்லாந்தின் நைமேகன் நகரங்களில் 121 பேரை வைத்து நடந்த சோதனை 2017-ல் வெளியானது. 6 வாரம் வீட்டிலேயே பயிற்சி. நடை, யோசனை இரண்டையும் தனித்தனியாகப் பழகியவர்களும் சரி, சேர்த்துப் பழகியவர்களும் சரி, இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும்போது வேகம் கூடினார்கள். பயிற்சி நின்று 12 வாரம் கழித்தும் அது நிலைத்தது. சேர்த்துப் பழகினால் கீழே விழுந்து வைப்பார்களோ என்ற பயமும் பொய்த்தது.

இந்த இடத்தில் எதிர்க்கேள்வி வரும், வரவேண்டும். "நோய் எப்படியும் முற்றத்தான் போகிறது. இன்றைக்குச் சொல்லிக்கொடுத்த மாத்திரை டப்பா வேலை மூன்று வருடம் கழித்து மறந்துபோகும். அப்புறம் எதற்கு இந்தச் செலவு?" கேட்பதற்கு நியாயம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இதே கேள்வியை லெவோடோபா மாத்திரையைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. 1960-களிலிருந்து தரப்படும் அந்த மாத்திரையும் நோயை நிறுத்துவதில்லை. இன்றைய நாளை நகர்த்த உதவுகிறது, அவ்வளவுதான். அதற்காக வேளா வேளைக்கு வாங்கிப் போடுகிறார்கள், ஒரு வேளை தவறினால் பதறுகிறார்கள். பி.காம். முதல் வருடத்திலேயே தேய்மானம் என்ற பாடம் வந்துவிடுகிறது. எந்த மெஷினும் பத்து வருடத்தில் தேயும் என்று கணக்கில் எழுதிவைத்துவிட்டு, அதே மெஷினுக்கு வருடா வருடம் பராமரிப்புச் செலவும் எழுதுகிறார்கள். தேயத்தானே போகிறது, எண்ணெய் எதற்கு என்று எந்த முதலாளியும் கேட்டதாகத் தெரியவில்லை. (மனிதனை மெஷினோடு ஒப்பிடுவது அழகில்லைதான். ஆனால் மெஷினுக்குக் கிடைக்கும் மரியாதை கூட கிடைக்கவில்லையே என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

இன்னொரு எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்தே வரும். அது அன்பின் பெயரில் வருவதால் பதில் சொல்வது கஷ்டம். "அவர் எதுக்குக் கஷ்டப்படணும், நான் செஞ்சுட்டுப் போறேன்" என்ற பேச்சு. சட்டைப் பட்டனைப் போட்டுவிடுவது, மாத்திரையை வாயில் போட்டுவிடுவது, கேள்வி கேட்டவருக்கு அவர் சார்பில் தாங்களே பதில் சொல்லிவிடுவது. யோசிக்கும் வேகம் குறைந்தவர் பதில் சொல்ல பத்து நொடி எடுத்துக்கொள்வார். அந்தப் பத்து நொடியைப் பொறுக்க வீட்டில் யாருக்கும் நேரமில்லை. மறுவாழ்வு சிகிச்சையில் வீட்டாரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது அதற்காகத்தான். மனைவிகளை இதில் குறை சொல்வதும் தப்பு. ஒரு பெண் காலை ஐந்து மணியிலிருந்து இரவு வரை ஒருவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறார் என்றால் அது முழுநேர வேலை. சம்பளம் கிடையாது, ஞாயிறு கிடையாது, நாட்டு வருமானக் கணக்கில் வராது. கணவர் மாத்திரையைத் தானே சாப்பிட்டுவிட்டால், அந்தப் பெண் கோயிலுக்கோ தங்கை வீட்டுக்கோ பயமில்லாமல் போய்வர ஒரு மதியம் கிடைக்கும். சிகிச்சையின் லாப நஷ்டக் கணக்கில் அந்த மதியத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் டிமென்ஷியா பராமரிப்புக்கு 2018-ல் வந்த நைஸ் வழிகாட்டி, லேசான, நடுத்தர டிமென்ஷியா உள்ளவர்களுக்கு அறிதிறன் மறுவாழ்வையோ ஆக்குபேஷனல் தெரபியையோ பரிசீலிக்கச் சொல்கிறது. அல்சைமருக்கு அறிதிறன் பயிற்சியைச் சிகிச்சையாகத் தரவேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. மார்க் ஏறும் விளையாட்டையும் வாழ்க்கை வேலையையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இது சரியான முடிவு என்றே படுகிறது.

இந்தியாவில்? சட்டப் புத்தகத்தில் குறையில்லை. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பணம் என்று வரும்போது கதை வேறு. மருத்துவக் காப்பீடு எடுத்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம். மூளைக்குள் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். அறுவை சிகிச்சை பல லட்சம் ரூபாய் ஆகும். படுத்துச் செய்துகொள்வதால் அதற்குக் காப்பீடு கேட்கவாவது வழியிருக்கிறது. நடுக்கத்தை அது அருமையாகக் குறைக்கும். யோசிக்கும் திறனை அது மீட்பதில்லை. சிலருக்கு சட்டென்று சொற்கள் வரும் வேகம் அதன் பிறகு சற்றுக் குறைவதும் உண்டு. ஒரு சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து டைனிங் டேபிளில் உட்கார்ந்து மாத்திரை டப்பாவைப் பழக்கினால், அதற்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற சில இடங்களில் இப்படிப்பட்ட பயிற்சிக்கு ஆள் இருக்கிறார்கள். நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அது எந்த மூலைக்கு?

எல்லாவற்றுக்கும் நிபுணரும் லட்சங்களும் வேண்டும் என்பதில்லை. இரண்டு விஷயம் உடனே செய்யக்கூடியவை. ஒன்று, சோதித்துப் பார்ப்பது. 1975-ல் உருவாகி இன்றும் பல இடங்களில் பயன்படும் எம்.எம்.எஸ்.ஈ. தேர்வு தேதி, இடம், ஞாபகம் பற்றியே அதிகம் கேட்பதால் பார்க்கின்சன் ஆரம்பக் குறைபாடுகள் அதில் நழுவிவிடும். 2005-ல் வெளியான மோகா தேர்வில் கடிகாரம் வரைவது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைப்பது எல்லாம் உண்டு. 30 மார்க், சுமார் 10 நிமிட வேலை. நடுக்கத்துக்கு விரல் தட்டிப் பார்க்கும் அதே வருகையில் வருடம் ஒருமுறை இதையும் செய்தால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது, மாத்திரைச் சீட்டை ஒருமுறை முழுக்கப் படிப்பது. நடுக்கத்தைக் குறைக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மலிவான மாத்திரை தரப்படுவது உண்டு. மேலே சொன்ன அசெட்டைல்கோலினைத்தான் அது தடுக்கிறது. வயதானவர்களுக்கு ஞாபகத்தையும் தெளிவையும் அது மங்கவைக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். இன்னொரு பக்கம், பார்க்கின்சன் டிமென்ஷியாவுக்கென்று அமெரிக்காவில் 2006-ல் அனுமதிக்கப்பட்ட ரிவாஸ்டிக்மின் மாத்திரை செய்வது, அதே அசெட்டைல்கோலின் உடைந்துபோகாமல் காப்பது. ஒரே சீட்டில் இரண்டும் இருந்தால் ஒரு கை குழாயைத் திறக்கிறது, இன்னொரு கை மூடுகிறது. தானாக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து, அதைச் செய்யவே கூடாது. மருத்துவரிடம் "இது நடுக்கத்துக்கா, இதனால் யோசனை மந்தமாகுமா?" என்று கேட்கலாம். கேட்பது தப்பில்லை.

மறுபடி அந்த கேஷியரிடம் வரலாம். அவருக்கு லுமாசிட்டி வேண்டாம், எண்களைத் தலைகீழாகச் சொல்லும் திறமையும் வேண்டாம். நான்கு பில்களையும் ஒன்றாக முன்னால் வைக்காமல், ஒரு கவரில் ஒரு பில், கவர் மேல் கடைசித் தேதி பெரிய எழுத்தில். ஒன்றாம் தேதி காலை பேப்பர் படித்து முடித்ததும் முதல் கவர். அதைக் கட்டி, டைரியில் ஒரு டிக் போட்ட பிறகுதான் அடுத்த கவர். முதல் மாதம் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இரண்டாம் மாதம் சமையலறையில் இருப்பார். மூன்றாம் மாதம் அவர் கேட்டால் மட்டும் வருவார். பத்து நொடி ஆனாலும் சரி, ஐந்து நிமிடம் ஆனாலும் சரி, கவரை வாங்கிக்கொள்ளக் கூடாது.